கூலிக்கும் தேய்மானமா? வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டில் பலர் கவனிக்காத ஒரு கழித்தல்

ஆலங்கட்டி மழையில் ஒரு வீட்டின் கூரை பாழாகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வருகிறார், ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறார், படம் எடுத்துக்கொண்டு போகிறார். சில நாள் கழித்து அறிக்கை வருகிறது. கூரையை மாற்ற 18,000 டாலர் ஆகும் என்று நிறுவனமே அதில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கூட வந்த காசோலை 5,200 டாலருக்குத்தான்.

குறைந்துபோன 12,800 டாலரில் 2,000 டாலர், வீட்டுக்காரர் தன் பங்காக ஏற்க வேண்டிய ‘டிடக்டிபிள்’. மற்ற 10,800 டாலரும் தேய்மானம் என்ற பெயரில் கழிந்திருக்கிறது. ‘கூரை பழசு, அதனால் கழித்திருக்கிறார்கள்’ என்று பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அடுத்ததுதான். அந்தத் தேய்மானம் எதன் மீது போடப்பட்டது? பதினைந்து ஆண்டு வெயிலும் பனியும் பட்ட ஷிங்கிள்கள் (கூரைமேல் அடுக்கிப் பதிக்கும் தகடுகள்) மீது மட்டுமா, இனிமேல்தான் கூரை ஏறி வேலை செய்யப்போகிற ஆட்களின் கூலி மீதுமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் அலசப்பட்டு வருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுகிறது. அங்கே சொந்த வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனென்றால் யாரும் தானாக முன்வந்து இதை விளக்கப்போவதில்லை.

இரண்டு மதிப்புகள்

வீட்டுக் காப்பீட்டில் இரண்டு மதிப்புகள் புழங்குகின்றன. ஒன்று மாற்றுச் செலவு. சேதமானதை அதே வகையில், அதே தரத்தில் புதிதாக அமைக்க இன்று என்ன ஆகும் என்பது. அறிக்கைகளில் இதை ‘ஆர்.சி.வி.’ என்று குறிப்பார்கள். இன்னொன்று நடப்புப் பண மதிப்பு, அதாவது ‘ஏ.சி.வி.’. சேதம் நேர்வதற்குச் சற்று முன் அந்தப் பொருள் என்ன பெறும் என்பது.

மாற்றுச் செலவு முழுவதையும் தருவதாகச் சொல்லும் பாலிசியிலும் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஏ.சி.வி. தொகைதான். வேலையைச் செய்து முடித்து ரசீதைக் காட்டிய பிறகே மீதியைக் கொடுப்பார்கள். ஏ.சி.வி. மட்டுமே தரும் பாலிசியில் அந்த மீதி ஒருபோதும் வராது.

ஏ.சி.வி.யைக் கணக்கிட ஒரே முறை இல்லை. சந்தை விலையைப் பார்ப்பது ஒரு முறை. புதிதாகப் போடும் செலவில் தேய்மானத்தைக் கழிப்பது இன்னொன்று. மதிப்பைக் காட்டக்கூடிய எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது முறை 1928-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தந்த ஒரு தீர்ப்பால் நிலைபெற்றது. தீயில் அழிந்த மால்ட் தயாரிப்புக் கட்டடங்களைப் பற்றிய வழக்கு அது. மதுவிலக்கு வந்ததால் அந்தக் கட்டடங்களுக்குப் பயனே இல்லாமல் போயிருந்தது. செங்கல்லும் மரமும் எவ்வளவு தேய்ந்தன என்று மட்டும் பார்த்தால் உண்மையான இழப்பு தெரியாது, பயனற்றுப் போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது மன்றம்.

கூலிப் பிரச்சினை தலைதூக்குவது பெரும்பாலும் இரண்டாவது முறையில். ‘மாற்றுச் செலவில் தேய்மானம் கழித்தது’ என்று பாலிசியில் ஒரே தொடரில் எழுதிவிடலாம். எதன் தேய்மானம் என்று எழுதாமல் விட்டுவிட்டால் வழக்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

மேலே சொன்ன 18,000 டாலரில் ஷிங்கிள், அடியில் விரிக்கும் தாள், ஆணி முதலிய பொருட்களுக்கு 7,000 டாலர். புதுக் கூரையைப் போடும் கூலி 8,500 டாலர். பழையதைப் பிய்த்து எடுத்துக் குப்பையை அகற்றும் கூலி 2,500 டாலர். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஆனால் கூரை வேலையில் கூலி பொருள் விலையைத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை.

கூரைக்கு 25 ஆண்டு ஆயுள், 15 ஆண்டு கழிந்துவிட்டது என்றால் தேய்மானம் 60 சதவீதம். அதை மொத்தத் தொகையிலும் போட்டால் 10,800 டாலர் கழிந்து 7,200 மிஞ்சுகிறது. டிடக்டிபிள் போக 5,200. முதலில் பார்த்த காசோலை இப்படித்தான் வந்தது.

இனி அதே 60 சதவீதத்தைப் பொருட்களின் மீது மட்டும் போடுங்கள். கழிவது 4,200 டாலர்தான். ஏ.சி.வி. 13,800, டிடக்டிபிள் போகக் கைக்கு வருவது 11,800. கூரையும் அதுதான், மழையும் அதுதான், பாலிசியும் அதுதான். வித்தியாசம் 6,600 டாலர்.

நடுவே இன்னொரு வழியும் உண்டு. புதுக் கூரையைப் போடும் கூலி கூரையோடு கலந்துவிடுகிறது, அதைக் கழிக்கலாம். பழையதைப் பிய்த்தெடுக்கும் கூலி எந்தப் பொருளிலும் சேர்வதில்லை, அதைக் கழிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 15,500 டாலரில் 60 சதவீதம், அதாவது 9,300 டாலர் கழியும். கைக்கு வருவது 6,700.

கூரையில் தொகை பெரிது என்பதால் கண்ணில் படுகிறது. வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சேதங்களில் இதே கணக்கு இன்னும் கடுமையாக விழும். குழாய் கசிந்து கூரையின் உட்பக்கம் கறைபட்டுவிட்டது, பழுது பார்த்து வண்ணம் பூச 2,400 டாலர் என்று வையுங்கள். இந்த மாதிரி வேலையில் பெரும்பகுதி கூலிதான். 2,000 டாலர் கூலி, 400 டாலர் பொருள் என்று கொள்வோம். 50 சதவீதத் தேய்மானத்தை மொத்தத்தின் மீதும் போட்டால் மிஞ்சுவது 1,200. டிடக்டிபிள் 1,500 டாலர் என்றால் நிறுவனம் தர வேண்டியது பூஜ்யம். பொருளின் மீது மட்டும் போட்டிருந்தால் 700 டாலர் வந்திருக்கும். பூஜ்யம் என்று கடிதம் வந்த பிறகு எத்தனை பேர் அதைத் திரும்ப எடுத்துப் படிப்பார்கள்? இந்தக் கழித்தல் அதிகம் வலிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

‘மீதியைத்தான் பிறகு தருவார்களே’

நியாயமான கேள்விதான். மாற்றுச் செலவு பாலிசி இருந்தால் நிறுத்திவைத்த தேய்மானம் பின்னால் கிடைக்கும். ஆனால் வேலையை முதலில் முடிக்க வேண்டும். கையில் 5,200 டாலரை வைத்துக்கொண்டு 18,000 டாலர் வேலையைத் தொடங்கச் சொல்கிறது இந்த ஏற்பாடு. சேமிப்போ கடன் வசதியோ உள்ளவர் சமாளிப்பார். இல்லாதவர் கூரையில் தார்பாய் போட்டு ஆணியடித்துவிட்டுக் காத்திருப்பார். அதற்குள் கெடுவும் முடிந்துவிடும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஹெச்.ஓ.-3 என்ற வீட்டுப் பாலிசியின் நிலையான வாசகத்தில், முதலில் ஏ.சி.வி. வாங்கிக்கொண்டவர் பிறகு மாற்றுச் செலவையும் கோர விரும்பினால், சேதம் நடந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பழுதுபார்க்கும் எண்ணத்தை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் பாலிசியில் வேறு கெடுவை வைப்பதும் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம், பழைய கூரைகளுக்கு ஏ.சி.வி. மட்டுமே தருவோம் என்று இணைப்பு வாசகம் சேர்க்கும் வழக்கம். வீட்டின் மற்ற பகுதிகளுக்கு மாற்றுச் செலவு, கூரைக்கு மட்டும் தேய்மானம் போக. இந்த வாசகம் இருந்தால் கழித்தது கழித்ததுதான். அப்போது கூலியையும் கழித்தார்களா என்பது வெறும் கால தாமதம் பற்றிய பேச்சாக இருக்காது. நிரந்தர நஷ்டம் பற்றியதாகிவிடும்.

இரு தரப்பு வாதங்கள்

நிறுவனங்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இழப்பீட்டின் நோக்கம், சேதத்துக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவந்து விடுவது. அதைவிட மேலான நிலைக்கு உயர்த்துவது அல்ல. கூரை என்பது பொருளும் உழைப்பும் சேர்ந்த ஒரே பண்டம். பழைய சட்டைக்கு விலை பேசும்போது துணி நைந்துவிட்டது, ஆனால் தையல் கூலி மட்டும் புதிதாகவே இருக்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. மேலும், ஆயுள் முற்றிலும் முடிந்த கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை மட்டும் கழித்தால் நம் எடுத்துக்காட்டில் அந்தக் கூரைக்கு 11,000 டாலர் ஏ.சி.வி. வரும். மறுநாளே மாற்றியிருக்க வேண்டிய கூரைக்கு அது அதிகம் இல்லையா?

எதிர்த் தரப்பின் வாதம் எளிமையானது, அதனாலேயே வலிமையானது. ஷிங்கிள் வெயிலில் வெடிக்கிறது, அதன் மணல் பூச்சு உதிர்கிறது, ஓரம் சுருள்கிறது. தேய்மானம் என்பது இதுதான். நாளைக்கு வரப்போகிற வேலையாளின் உழைப்பு எங்கே தேய்ந்தது? பழைய கூரையைப் போட்டவரின் கூலியை யாரும் இப்போது கேட்கவில்லை. புதுக் கூரையைப் போடுபவர், கூரைக்கு எத்தனை வயது என்று பார்த்துக் கூலியைக் குறைத்துக்கொள்ளப் போவதும் இல்லை. பாதி விலைக்குப் பழைய ஷிங்கிள் எங்காவது கிடைத்தாலும் கிடைக்கும், பாதிக் கூலிக்கு ஆள் கிடைக்க மாட்டார்.

இவ்விரண்டில் எது சரி என்று கேட்டால், பொருளாதாரக் கணக்கில் இரண்டுக்குமே அடிப்படை உண்டு என்பேன். ஆனால் காப்பீடு என்பது ஒப்பந்தம். அதை எழுதியது நிறுவனம், சொற்களைத் தேர்ந்தெடுத்ததும் நிறுவனம். கூலியையும் கழிப்போம் என்று எழுத விரும்பினால் ஒரே வரியில் எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டுவிட்டு, இழப்பு நேர்ந்த பிறகு அந்த அர்த்தத்தை உள்ளே நுழைப்பது நியாயமில்லை. தெளிவாக எழுதியிருந்தால் வீட்டுக்காரர் பிரீமியத்தை ஒப்பிட்டு வேறு பாலிசி வாங்கியிருப்பார். அந்த வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை.

நீதிமன்றங்கள் சொன்னவை

2002-இல் ஆக்லஹாமா உச்ச நீதிமன்றம் கூலியையும் கழிக்கலாம் என்றது. கூரை பொருளும் கூலியும் இணைந்தது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது பெரும்பான்மையின் முடிவு. அதே வழக்கில் மாறுபட்ட நீதிபதி எழுப்பிய கேள்விகள், காலப்போக்கில் கூலி தேயுமா, கூலிக்கு ஆயுட்காலம் எத்தனை ஆண்டு என்பவை, பின்னால் வந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டன.

2013-இல் ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் எதிர்ப் பக்கம் சாய்ந்தது. பாலிசி ஏ.சி.வி.யை வரையறுக்கவில்லை, இரண்டு பொருளுக்கு இடம் தரும் வாசகத்தை, எழுதியவருக்குப் பாதகமாகவே படிக்க வேண்டும், எனவே கூலியைக் கழிக்கக் கூடாது என்றது. 2015-இல் அதே மன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பாலிசியில் எழுதி வைத்தாலும் செல்லாது என்றது. அதை மாநிலச் சட்டமன்றம் 2017-இல் சட்டம் இயற்றி மாற்றியது. ஒரே மாநிலத்தில் சில ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பம் என்றால், யாரோ ஒருவர் எப்போதோ சொன்ன அறிவுரையை நம்பி இருக்க முடியாது என்பது புரியும்.

டென்னசி உச்ச நீதிமன்றம் 2019-இலும் இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2021-இலும் வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பளித்தன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வாசகம் தெளிவாக இல்லை. நெப்ராஸ்கா 2017-இலும் வட கரோலினா 2020-இலும் நிறுவனங்கள் பக்கம் நின்றன. தேய்மானம் என்ற சொல்லே போதுமான அளவு தெளிவானது, கூலியைத் தனியாகப் பிரிக்க அதில் இடமில்லை என்பது அவற்றின் பார்வை. மினசோட்டா 2016-இல் நடுவழியில் போனது. கட்டடத்தில் கலந்துவிட்ட கூலியின் தேய்மானத்தை, உண்மையான மதிப்பைக் காட்ட உதவும் அளவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், முடிவு உண்மைகளை ஆராய்பவர் கையில் என்றது.

கலிபோர்னியாவில் இதை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்கவில்லை. பழுதுபார்க்கவோ மாற்றவோ தேவைப்படும் கூலி தேய்மானத்துக்கு உட்பட்டதல்ல என்று காப்பீட்டு ஒழுங்குவிதியே சொல்கிறது. தொழிற்சாலையில் தயாராகி வரும் பொருளின் விலைக்குள் அடங்கிய கூலி மட்டும் இந்த விதிக்கு விலக்கு. ஷிங்கிளைத் தயாரித்த ஆலைத் தொழிலாளியின் கூலி ஷிங்கிள் விலைக்குள்ளேயே இருப்பதால் அதைப் பிரித்தெடுக்க முடியாதுதான். விதி அந்த வேறுபாட்டைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு பல நிறுவனங்கள் பாலிசி வாசகத்தைத் திருத்தின. தேய்மானம் பொருளுக்கும் கூலிக்கும் வரிக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதத் தொடங்கின. அப்படி எழுதியிருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் வாதாட இடம் குறைவு. எனவே சேதம் நடந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசியின் வரையறைப் பகுதியை எடுத்துப் படிப்பதுதான் முதல் வேலை. பல பக்கங்களுக்குப் பின்னால் வரும் இணைப்பு வாசகங்களையும் விட்டுவிடாதீர்கள். ஏ.சி.வி. பற்றிய வரையறை பல நேரம் அங்கேதான் இருக்கும்.

அறிக்கையில் எங்கே பார்ப்பது

அமெரிக்க மதிப்பீட்டாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருள். அதில் கூலியைக் கழிக்கவா, பழையதை அகற்றும் செலவைக் கழிக்கவா, ஒப்பந்ததாரரின் மேற்செலவையும் லாபத்தையும் கழிக்கவா என்று தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. அதாவது கூலி கழிவது தானாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் அந்தத் தேர்வை இயக்கி வைத்திருக்கிறார். கூலியைப் பிரித்தெடுப்பதே முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆர்.சி.வி., வயது, ஆயுள், தேய்மான சதவீதம், தேய்மானத் தொகை, ஏ.சி.வி. ஆகியவை பத்தி பத்தியாக வரும். முதலில் முழுக்கவும் கூலியாக உள்ள வரிகளைத் தேடுங்கள். பழைய கூரையைப் பிய்த்தெடுப்பது, குப்பையை அகற்றுவது, அறைச் சாமான்களை நகர்த்தி வைப்பது போன்றவை. அங்கே தேய்மானத் தொகை பூஜ்யமாக இல்லாவிட்டால், கூலியின் மீது கைவைத்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, தேய்மானத் தொகையைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியைப் பாருங்கள். வளைந்த அடைப்புக்குறி இருந்தால் அந்தத் தொகை வேலை முடிந்த பிறகு திரும்பக் கிடைக்கக்கூடியது. கூர்மையான கோண அடைப்புக்குறி இருந்தால் திரும்பி வராது. இவ்வளவு சின்னக் குறியில் இவ்வளவு பெரிய செய்தியை வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் நடைமுறை அதுதான்.

வரி வரியாகப் பார்த்தும் தெளிவாகவில்லை என்றால் மதிப்பீட்டாளருக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதிலும் தொலைபேசியோடு போய்விடும். மின்னஞ்சலில் மூன்று விஷயம் இருந்தால் போதும். தேய்மானத்தில் கூலி சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால் பாலிசியின் எந்த வாசகம் அதை அனுமதிக்கிறது? பொருள், கூலி, அகற்றும் செலவு மூன்றையும் பிரித்துக் காட்டும் பட்டியல் கிடைக்குமா? வந்த காசோலையை வங்கியில் போடலாமா என்று பலர் தயங்குவார்கள். காசோலையோடு வந்த கடிதத்திலோ காசோலையின் பின்புறத்திலோ ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வகை வாசகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

பதில் திருப்தியாக இல்லை என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம். பாலிசியில் ‘அப்ரைசல்’ என்ற ஏற்பாடும் இருக்கக்கூடும். இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமித்துத் தொகையை முடிவு செய்வது அது. சதவீதமோ ஆயுட்காலமோ தவறு என்றால் அது உதவும். கூலியைக் கழிக்கலாமா கூடாதா என்பது பாலிசியின் பொருளைப் பற்றிய கேள்வி. அதற்கு நீதிமன்றமே சரியான இடம் என்று சொல்லும் தீர்ப்புகள் உண்டு. தனியொருவரின் 700 டாலருக்காக வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது என்பதால்தான் இவ்வகை வழக்குகள் பலவும் ஒரே நிறுவனத்தின் பல வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்காக நடந்திருக்கின்றன.

எந்த வழியில் போனாலும் நாட்களைக் குறித்து வையுங்கள். ஹெச்.ஓ.-3 நிலையான வாசகத்தில் வழக்குத் தொடுக்க சேதம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஓராண்டு என்று எழுதும் பாலிசிகளும் உண்டு, மாநிலச் சட்டம் அதை நீட்டுவதும் உண்டு. இந்தக் கணக்கு காசோலை வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, ஆலங்கட்டி விழுந்த நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது.